எட்டு மணிக்குக் கதவு சாத்திடுவாங்க

— கதவைத் திறடி, டார்லா.

— மாட்டேன்.

— இது என் வண்டி. சாவி உள்ள, குடை உள்ள, நீயும் உள்ள. நான் மட்டும் மழையில நின்னுக்கிட்டு—

— சாவியை விட்டுட்டுப் போனது யாரு? நானா விடச் சொன்னேன்—

— டாய்லெட்டுக்குப் போறவ சாவியைக் கழுத்துல மாட்டிக்கிட்டா போவா? போயிட்டுத் திரும்புறதுக்குள்ள நாலு கதவையும் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்க, அடைகாக்குற கோழி மாதிரி.

— இருபது நிமிஷம் ஆச்சு நடீன். அப்படி என்ன டாய்லெட்.

— ஐம்பத்தொரு வயசுக் குடல். அது நேரத்துக்குத்தான் அது வேலை செய்யும். கேட்டுக்கோ, மணி ஏழு இருபத்தெட்டு. எட்டு மணிக்குக் கதவு சாத்திடுவாங்க.

— சாத்தட்டும். என்னை வீட்டுல கொண்டு போய் விட்டுடு.

— விடுறேன். அதுக்கு நான் உள்ள வரணுமா வேண்டாமா? வெளியில நின்னு மலைப்பாதை முழுக்கத் தள்ளிக்கிட்டா போவேன்?

— உள்ள வந்து உக்காந்ததும் வண்டியை எடுக்கணும்.

— திற.

— எடுக்கணும்னு சொல்லு முதல்ல.

— எடுக்கிறேன் தாயி. திற. அப்பாடா. முதுகு வரைக்கும் இறங்கிடுச்சு. அந்தத் துண்டை எடு. அது இல்ல, அது நாயோடது. சரி குடு, நாய் என்ன என்னைவிட அழுக்கா.

— சாவி இந்தா. எடு.

— எடுக்கிறேன்னேன். எப்பன்னு சொல்லலையே. முதல்ல காரணம் சொல்லு. அஞ்சு வருஷமா ஒரு பருவத்துக்கு ஒரு பாடமா முடிச்ச. இந்த நர்ஸிங் வகுப்புக்கு இருநூத்துப் பத்துப் பேரு விண்ணப்பம் போட்டாங்க. முப்பத்திரண்டு நாற்காலி. அதுல மூணாவது வரிசையில ஒண்ணுல உன் பேரு எழுதி ஒட்டியிருக்கு. டார்லா ஸ்லோன். இப்பதான் பாத்துட்டு வர்றேன். நாற்காலி மேல ஒரு பை, பை மேல ஒரு புது ஸ்டெதாஸ்கோப்.

— டாய்லெட் அந்தப் பக்கமா இருக்கு?

— டாய்லெட்டுக்குப் போற வழியில எல்லாந்தான் இருக்கு. காரணத்தைச் சொல்லு.

— மருந்து அளவுக் கணக்கு. முதல் மாசமே பரீட்சை வைப்பாங்க. நூத்துக்குத் தொண்ணூறு வாங்கலைன்னா அன்னைக்கே வெளியில அனுப்பிடுவாங்க.

— என் சமையல் மேஜையில தொண்ணூத்தாறு வாங்கின. நான்தான் திருத்தினேன்.

— உன் சமையல் மேஜையில கடிகாரம் இல்ல.

— அடுப்புல பீன்ஸ் இருந்துச்சு. அடிப்பிடிக்கிறதுக்குள்ள முடின்னு சொன்னேன். அதைவிடவா ஒரு கடிகாரம்? சரி, கணக்கு தீந்துச்சு. அடுத்தது.

— எனக்கு நாப்பத்தாறு வயசு. அந்த வாசலைப் பாரு. எல்லாம் என் மகளைவிடச் சின்னதுங்க. அதோ தூண்கிட்ட, அந்த நீல நகக்காரி. அவளுக்கு இருபது தாண்டியிருக்குமா?

— உள்ள சேர்ந்தா முதல் நாளே அந்த நகத்தை வெட்டச் சொல்லிடுவாங்க, பாவம். எவ்வளவு செலவு பண்ணி ஒட்டினாளோ.

— அவ ஏன் உள்ள போகாம நிக்கிறா?

— வெயிட்டிங் லிஸ்ட்டா இருக்கும். அவங்க எட்டு மணி வரைக்கும் வெளியிலதான் நிக்கணும்.

— யாராவது வரலைன்னா, அப்பவே கூப்பிட்டு உக்கார வைப்பாங்களா?

— இதை நீ வழியெல்லாம் கேட்டுட்ட. இரும்புப் பாலத்துல ஒரு தடவை. பெட்ரோல் போடுறப்ப ஒரு தடவை. வளைவுல அந்த நிலக்கரி லாரி நம்ம மேல ஏறப் பாத்துச்சே, அப்பக்கூட ஒரு தடவை. ஆமா, அப்பவே கூப்பிடுவாங்க. எட்டடிக்கும், கதவைச் சாத்துவாங்க, காலி நாற்காலியை எண்ணுவாங்க. லிஸ்ட்டுல இருக்கிற வரிசைப்படி பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க. வராதவ வராதவதான். காய்ச்சல்னாலும் சரி, வண்டி பள்ளத்துல கவுந்தாலும் சரி. போதுமா?

— போதும்.

— முகத்தைப் பாரு. போதும்ங்கிறப்ப எவ்வளவு நிம்மதி.

— உன் கால்ல என்னது அது?

— ஷூ.

— வெள்ளை. புதுசு.

— தள்ளுபடியில கிடைச்சுது. கழுவுற தொடைக்கிற வேலைக்காரி வெள்ளைச் செருப்பு போடக் கூடாதா? பேச்சை மாத்தாத. அடுத்த காரணம்.

— ராய்ஸ்.

— உன் புருஷனுக்கு என்ன இப்ப?

— என்னன்னு உனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் சுரங்கத்துல இழுத்த தூசி. அந்த ஆக்சிஜன் குழாய் மூக்குல இருந்து நழுவினா அவருக்கே தெரியிறதில்ல. நான் நாள் முழுக்க காலேஜ்ல உக்காந்துட்டா—

— இப்ப மட்டும் நாள் முழுக்க வீட்டுலயா உக்காந்திருக்க? முதியோர் இல்லத்துல என்கூடப் பன்னெண்டு மணி நேரம் நிக்கிற. ராய்ஸ்கிட்ட நேத்துப் பேசினேன். என்ன சொன்னான் தெரியுமா? "நடீன், அவளை எப்படியாவது உள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டு வந்துடு. இல்லைன்னா எனக்கு நிம்மதி இல்ல. தூங்கவே விடமாட்டேங்கிறா, என் பாதத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு எலும்பா எண்ணுறா"ன்னான். அவனுக்கு மூச்சு வாங்குச்சு, ஆனா சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.

— பாதத்துல இருபத்தாறு. அவர் அசைஞ்சா எண்ணிக்கை தப்பிடும்.

— பாத்தியா. இதையெல்லாம் வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறாளாம்.

— நீதான் முதல்ல சிரிச்ச, நடீன்.

— எப்ப?

— அஞ்சு வருஷம் முன்னாடி. சாப்பாட்டு அறையில. நான் காலேஜ் விண்ணப்பத்தை மேஜையில வச்சிருந்தேன். நீ எடுத்துப் படிச்சுட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்ன, "இங்க பாருங்கடி, பீத்துணி அள்ளுறவளுக்கு ஊசி பிடிக்க ஆசை வந்திருக்கு"ன்னு.

— சொன்னேன்.

— எல்லாரும் சிரிச்சாங்க.

— நான்தான் ஜாஸ்தியாச் சிரிச்சேன். ஞாபகம் இருக்கு. அதை நான் மறந்தேன்னு நெனச்சியா? மறுநாள் உனக்கு ஆப்பிள் கேக் கொண்டாந்து குடுத்தேனே, எதுக்குன்னு நெனச்ச?

— பொறந்த நாள் மிச்சம்னு சொன்ன.

— யாரோட பொறந்த நாளு மார்ச் மாசத்துல? காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு அடுக்கடுக்கா ஆறு அடுக்கு சுட்டேன். வாயால மன்னிப்புக் கேட்க வரலை, மாவுல கேட்டேன். அன்னையில இருந்துதானே உனக்குக் கேள்வி கேட்கிற வேலையை நான் எடுத்துக்கிட்டேன்.

— அதை நான் இல்லைங்கலை. இல்லத்துல ஆடுற பழைய பிங்கோ நம்பர் அட்டை எல்லாத்தையும் திருப்பிப் போட்டு, பின்பக்கம் கேள்வி எழுதினது நீதான்.

— அதனால என்னாச்சு? வாரம் ஒரு நாள் பெரியவங்க பிங்கோ ஆடுறப்ப பாதி அட்டையில நம்பர் இருந்துச்சு, பாதியில நரம்பு இருந்துச்சு. பர்ச்செட் அம்மா எண்பத்தொன்பது வயசுல "எனக்குக் கணையம் விழுந்துடுச்சு, பரிசு குடுங்க"ன்னு கத்தினாங்க. நான் அவங்களுக்கு ஒரு சாக்லேட் குடுத்தேன். பின்ன என்ன பண்றது.

— சிரிக்க வைக்காத. நான் போகப் போறதில்ல.

— மணி ஏழு முப்பத்தேழு. சரி, பொம்மை விஷயத்துக்கு வருவோம்.

— எந்தப் பொம்மை?

— தெரியாத மாதிரி கேக்குறா. போன மாசம் காலேஜ்ல பயிற்சி நாள் அன்னைக்கு, படுக்கையில கிடந்த ரப்பர்ப் பொம்மை. பதினஞ்சு நிமிஷத்துல குளிப்பாட்டணும்னாங்க. நீ எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்ட?

— முப்பத்தஞ்சு.

— முப்பத்தஞ்சு. ஏன்னா முதல்ல போய்த் தண்ணி சூடு பாத்த, மணிக்கட்டுல விட்டு. அப்புறம் பொம்மையோட பேரைக் கேட்ட.

— படுக்கையில பேரு எழுதியிருந்துச்சு. மிஸ்டர் டோன்னு.

— "மிஸ்டர் டோ, இப்ப உங்க வலது கையைத் தூக்கப் போறேன்"னு சொல்லிட்டுத் தூக்கின. கழுவாத பக்கத்தை எல்லாம் போர்வையால மூடின. ரப்பருக்கு வெட்கம் வந்துடும்னு. மத்த பிள்ளைங்க கார் கழுவுற மாதிரிக் கழுவித் தள்ளிட்டு வெளிய போயிட்டாங்க.

— எனக்கு முட்டை போட்டாங்க அதுக்கு.

— நேரத்துக்கு முட்டை. ஆனா அந்த டீச்சர் கடைசியில என்ன சொன்னாங்கன்னு நீ என்கிட்ட சொன்னியே, அதைச் சொல்லு.

— அதெல்லாம் சும்மா.

— சொல்லுடி.

— "பதினாலு வருஷமா இந்தப் பொம்மையைக் குளிப்பாட்ட வைக்கிறேன். அதுக்குக் குளிருமான்னு பாத்த முதல் ஆள் நீங்கதான்"னு சொன்னாங்க.

— முட்டை போட்ட கைதான் அதையும் சொல்லுச்சு. வேகம் பழகினா வந்துடும். தண்ணி சூடு பாக்குறது யாருக்கும் கத்துக் குடுத்து வராது.

— நடீன், நீ எவ்வளவு பேசினாலும் நான் இந்த வண்டியை விட்டு இறங்கப் போறதில்ல. சத்தியமா.

— ஹாஸ்கெல்லோட சோள ரொட்டி ஞாபகம் இருக்கா?

— அதை எதுக்கு இப்ப இழுக்குற?

— இழுப்பேன். வாயை மூடிட்டுக் கேட்டுக்கோ. ஸ்கூல் பஸ் ஓட்டின மனுஷன், இப்ப நம்ம இல்லத்துல கிடக்கிறார். சாயங்காலச் சாப்பாட்டுக்கு ஒரு பெரிய டம்ளர் பால், அதுல சோள ரொட்டியைப் பொடிச்சுப் போட்டு ஸ்பூனால எடுத்துத் திம்பார். வேற எதைக் குடுத்தாலும் தள்ளிடுவார். பிப்ரவரியில ஒரு நாள் அவர் தட்டை எடுத்தது நான்தான். பால் அப்படியே இருந்துச்சு, ரொட்டி அப்படியே இருந்துச்சு. நான் என்ன பண்ணினேன்? "இன்னைக்குப் பசியில்லையா கிழவா"ன்னு கேட்டேன். தலையை ஆட்டினார். "சாப்பிடலை"ன்னு சீட்டுல எழுதிட்டுத் தட்டை வண்டியில அடுக்கிட்டேன். நீ எதிர்ல வந்த. அந்தத் தட்டைப் பாத்துட்டு நின்ன.

— ரொட்டி உடையாம இருந்துச்சு.

— அதான் சொல்றேன்.

— தின்னாம இருந்தா பரவாயில்ல. உடைக்காம இருந்ததுதான் என்னவோ போல இருந்துச்சு. அவருக்கு முடியாம இருந்தப்பல்லாம் கூட முதல்ல பொடிச்சுப் போடுவார், அப்புறந்தான் வேண்டாம்பார். இடது கையால பொடிப்பார்.

— அந்த ரொட்டி என் கையில இருந்துச்சு. என் மூக்குக்குக் கீழ இருந்துச்சு. நான் பாக்கலை. நீ பாத்த. ஓடிப் போய் அந்த இடது கையைத் தூக்கின, அது ஈரத் துணி மாதிரி விழுந்துச்சு. டெஸ்க்குக்குப் போய்ச் சொன்ன. அந்தப் புது நர்ஸ் என்ன சொன்னா?

— "பிரஷர் சரியா இருக்கு, நாடி சரியா இருக்கு. ரொட்டி உடையலைன்னு எல்லாம் நான் எழுத முடியாது"ன்னா.

— நீ?

— எழுதுங்கன்னேன்.

— எழுதினாளா?

— இல்ல. நானும் எழுத முடியாது. எவ்வளவு சாப்பிட்டார், எத்தனை தடவை புரட்டிப் படுக்க வெச்சோம், அவ்வளவுதானே நாம எழுதலாம். என்னவோ சரியில்லைன்னு எழுத நமக்கு இடமே கிடையாது அந்தத் தாள்ல.

— அதனால டெஸ்க்குக்கு முன்னாடி நின்ன. ரூமுக்கு ரூம் மணி அடிக்குது, நான் ஒருத்தி ஓடுறேன், நீ நகரலை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாத்தான் போவேன்ன. பதினெட்டு வருஷமா யார்கிட்டயும் குரலை உசத்தாதவ. அன்னைக்கும் உசத்தலை. மெதுவாத்தான் சொன்ன. அதுலதான் அவ பயந்துட்டா.

— இப்ப வலது கையால பொடிக்கிறார்.

— பொடிக்கிறாருல்ல? பக்கவாதம், இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா எந்தக் கையாலயும் பொடிச்சிருக்க மாட்டார்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அன்னைக்கு வீட்டுக்குப் போய் என் சமையல் மேஜையில உக்காந்துக்கிட்டே இருந்தேன், டார்லா. இந்தப் பொம்பளைக்குக் கண்ணு எப்பவோ நர்ஸாயிடுச்சு, கையில பேனா குடுக்குறதுதான் பாக்கின்னு நெனச்சேன். அந்தப் பேனா அதோ அந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கு. எட்டு மணி வரைக்கும்தான் இருக்கும்.

— அந்தக் கட்டடத்துக்குள்ள போக வேண்டியவ நான் இல்ல. நீ.

— நான் எதுக்கு? நான் டிரைவர்.

— செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பைபிள் வகுப்புக்குப் போறேன்னு சொல்லுவியே.

— போறேன். அதுக்கென்ன.

— பாஸ்டரை மளிகைக் கடையில பாத்தேன். நடீன் எப்படி இருக்கா, பாத்து ரெண்டு வருஷமாச்சேன்னு கேட்டார்.

— அந்த ஆளுக்கு முன்வரிசையில இருக்கிறவங்களைத் தவிர யாரையும் தெரியாது.

— நுழைவுத் தேர்வுல தொண்ணூத்தொண்ணு. நான் வாங்கினது எழுபத்தெட்டு.

— யாருக்குத் தொண்ணூத்தொண்ணு?

— நடீன் கோம்ப்ஸுக்கு. வெயிட்டிங் லிஸ்ட்டுல முதல் பேரு. பின்சீட்டுக்கு அடியில மஞ்சள் ஃபோல்டர் இருக்கு. நீ டாய்லெட்டுல இருந்தப்ப எடுத்துப் பாத்தேன். ஆனா அதுக்கு முன்னாடியே தெரியும்.

— யார் சொன்னா?

— காலேஜ்ல இருந்துதான். போன வாரம் இல்லத்துக்குப் போன் வந்துச்சு. உங்க பள்ளத்தாக்குல செல்போன் எடுக்காதுன்னு நீ வேலை நம்பரைக் குடுத்திருக்க. நான்தான் டெஸ்க்குல இருந்தேன். "நடீன் கோம்ப்ஸ்கிட்ட சொல்லிடுங்க, லிஸ்ட்டுல முதல் ஆள் அவங்கதான், வியாழக்கிழமை எட்டு மணிக்கு முன்னாடி வெள்ளை ஷூ போட்டு, காகிதம் எல்லாம் எடுத்துக்கிட்டு வந்து நிக்கணும்"னாங்க.

— நீ என்கிட்ட "யாரோ காலேஜ்ல இருந்து திரும்பக் கூப்பிடச் சொன்னாங்க"ன்னுதானே சொன்ன.

— நீ என்கிட்ட "உனக்காக லைப்ரரியில எடுத்த புஸ்தகத்தைத் திருப்பிக் கேட்டிருப்பாங்க"ன்னுதானே சொன்ன.

— ரெண்டு பேரும் நல்லாத்தான் பொய் சொல்றோம்.

— ஏன் மறைச்ச?

— ஏன்னா சாப்பாட்டு அறையில சிரிச்சவ நான்தான். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ல. பதினாறு வயசுல பிள்ளை பெத்துட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டவ. நாப்பத்தஞ்சுல அந்தப் பள்ளிக்கூடப் பரீட்சையை எழுதி முடிச்சேன், அதையும் யாருக்கும் சொல்லலை. உனக்கு அட்டையைக் காட்டிக் கேள்வி கேட்டேன்ல, நீ யோசிச்சுக்கிட்டு இருக்கிறப்ப விடை என் நாக்கு நுனியில வந்து நிக்கும். சொல்லிடுவேனோன்னு காப்பியைக் குடிப்பேன். ஒரு நாள் எட்டுக் கப்பு குடிச்சேன். அப்பதான் தோணுச்சு, இவ்வளவு காப்பி குடிக்கிறதுக்குப் பதிலா நானும் போய்ச் சேரலாமேன்னு. தோத்தா யாருக்கும் தெரிய வேண்டாம், அவ்வளவுதான்.

— தொண்ணூத்தொண்ணு வாங்கினவளை எப்படி லிஸ்ட்டுல வெளிய வச்சாங்க?

— நுழைவுத் தேர்வை மட்டுமா பாக்குறாங்க, முடிச்ச பாடத்தோட மார்க்கையும் சேத்துல்ல கணக்கு; அதுக்கு மேல வேலை அனுபவத்துக்கு நாலு மதிப்பெண். இல்லத்து மேலாளர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேணும். நான் வைக்கலை.

— இருபத்திரண்டு வருஷம் வேலை பாத்திருக்க. கேட்டா அந்த நிமிஷமே குடுத்திருப்பாங்களே.

— குடுத்திருப்பாங்க. அந்த அம்மாகிட்ட காலையில ஒரு கடிதம் கேட்டா மதியம் சமையல்காரிக்குத் தெரியும். சாயங்காலம் ஹாஸ்கெல்லுக்குத் தெரியும். பர்ச்செட் அம்மா பிங்கோவுல சொல்லுவாங்க. வேண்டாம்னு விட்டுட்டேன். ரெண்டு மதிப்பெண்ல நாற்காலி தவறிடுச்சு. இதுல அழறதுக்கு என்ன இருக்கு? மூக்கைத் துடை. நாய்த் துண்டுல துடைக்காத.

— என்னைவிட நீ கெட்டிக்காரி. நான் எண்ணிச் சொல்ற எலும்பு உனக்குக் கண்ணை மூடினா வரும். நீ படுக்கை விரிச்சுக்கிட்டே தலை நரம்பு பன்னெண்டையும் சொல்றதை நான் கேட்டிருக்கேன். நான் தண்ணி சூடு பாத்துக்கிட்டு இல்லத்துலயே கிடப்பேன். நீ போனா ஒரு வருஷத்துல அந்த வகுப்புக்கே நீ பாடம் நடத்துவ.

— அடுத்த வருஷம் நடத்துறேன்.

— உனக்கு ஐம்பத்தொண்ணு, நடீன்.

— அடுத்த வருஷம் ஐம்பத்திரண்டு. நூறு ஆயிடாது. இப்ப நான் கேக்குறேன், நீ சொல்லு. உன் அனாடமி மார்க் எந்த வருஷத்தோடது?

— அது எதுக்கு.

— சொல்லு.

— அஞ்சு வருஷம் முன்னாடி.

— டிசம்பரோட செத்துடும். பால் டப்பாவுல தேதி போட்டிருக்கிற மாதிரி அதுல தேதி போட்டிருக்கு. இந்தத் தடவை நீ உள்ள போகலைன்னா அடுத்த தடவை அவங்க அதை எடுத்துக்க மாட்டாங்க. மறுபடி முதல்ல இருந்து. என்னோடது போன வருஷப் பாலு. இன்னும் நாலு வருஷம் கெடாது.

— மறுபடி படிப்பேன்.

— அஞ்சு வருஷமா? ராய்ஸை வச்சுக்கிட்டா?

— அதைச் சொல்லாத.

— சொல்லக் கூடாதுதான். ஆனா நீ எண்ணுறவ. எலும்பை எண்ணுற, அவன் மூச்சையும் எண்ணுவன்னு எனக்குத் தெரியும். அஞ்சு வருஷம் இருக்கான்னு எண்ணிப் பாத்தியா?

— எண்ணினேன்.

— அவன் உன்னை அந்த வெள்ளை நர்ஸ் உடுப்புல பாக்கணும்ங்கிறான். ஒரு தடவை. என்கிட்ட சொன்னான். உன்கிட்ட சொல்ல மாட்டான், நீ அழுவன்னு.

— என்னால முடியாது, நடீன். அது பயம் இல்ல. காலையில எந்திரிச்சதுல இருந்து ஒரே விஷயந்தான் கண்ணு முன்னாடி நிக்குது. கதவைச் சாத்துவாங்க. நான் உள்ள மூணாவது வரிசையில உக்காந்திருப்பேன். நீ அந்த வெள்ளை ஷூவைப் போட்டுக்கிட்டு வெளிய நடையில நிப்ப. எனக்குக் கேள்வி கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டினவ. நான் உக்காந்திருக்கிறதே நீ சம்பாதிச்சுக் குடுத்த நாற்காலி. அதுல எப்படிடி உக்காருவேன்?

— நிமிர்ந்து உக்காரணும். முதுகுத்தண்டு முப்பத்திமூணு எலும்பு.

— விளையாடாத. நான் முடிவு பண்ணிட்டேன். நீ இப்ப இறங்கிப் போய் நில்லு. நான் இங்க இருக்கேன். எட்டடிச்சா என் நாற்காலி காலியா இருக்கும், முதல் ஆளுன்னு உன் பேரைக் கூப்பிடுவாங்க. அவ்வளவுதான். யாருக்கும் நஷ்டம் இல்ல.

— பதினெட்டு வருஷத்துல கிறிஸ்துமஸ் லீவு உனக்கு எத்தனை தடவை முறை வந்துச்சு?

— எனக்கு ஞாபகம் இல்ல.

— நாலு. எனக்கு ஞாபகம் இருக்கு. நாலையும் குடுத்துட்ட. ஒண்ணு சின்னக் குழந்தை வச்சிருந்தவளுக்கு, ஒண்ணு அம்மா செத்தவளுக்கு, ரெண்டு எனக்கு. எனக்கு ஒரு காரணமும் இல்ல, எனக்கு லீவு வேணும்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தேன், அவ்வளவுதான். அப்படிப்பட்டவ நீ. அதனால இன்னைக்கு இரும்புப் பாலத்துல "யாராவது வரலைன்னா அப்பவே கூப்பிடுவாங்களா"ன்னு நீ கேட்டப்ப, பயம் போலன்னு நெனச்சேன். பெட்ரோல் போடுறப்பவும் கேட்ட. அப்ப யோசிச்சேன். லாரி மேல ஏற வர்றப்ப சாகப் போற நேரத்துலயும் அதையே கேட்டியே, அப்ப எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு.

— புரிஞ்சா சரி. மணி என்ன?

— ஏழு ஐம்பத்துமூணு.

— அப்ப இறங்கு. ஃபோல்டரை எடுத்துக்கோ. எனக்காக ஒண்ணே ஒண்ணு செய் நடீன், பதினெட்டு வருஷத்துல நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல.

— நானும் சொல்லிடுறேன் தாயி. டாய்லெட்டுக்கு இருபது நிமிஷம் ஆகலை, ரெண்டு நிமிஷந்தான் ஆச்சு; மிச்ச நேரம் உள்ள இருக்கிற மேஜையில உக்காந்து, இந்த வருஷம் எனக்கு வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்தேன், என் கண்ணு முன்னாடியே பேரை அடிச்சாங்க. இப்ப லிஸ்ட்டுல முதல் ஆளு அந்த நீல நகக்காரி, நீ இங்க உக்காந்திருந்தா அவதான் உன் நாற்காலியில உக்காருவா, நான் இல்ல. குடை உன் காலுக்குக் கீழ இருக்கு.